தையலுக்கு விட்ட ஒரு முழம்

மகளைக் கொடுத்த உரிமையோடும், மாப்பிள்ளை என்கிற மரியாதையில் கொஞ்சமும் குறை வைக்காமலும், அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மனைவியும் நலம். உங்கள் நலம் கேட்பதுதான் முறை. ஆனால் முந்தாநாள் போனில் நீங்கள் போட்ட சத்தத்திலிருந்து தொண்டை, நுரையீரல், இதயம் மூன்றும் நல்ல நிலையில் இருப்பது தெரிந்துவிட்டதால் கேட்காமல் விடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனி கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலை கட்டப்போகிற இடத்தில் நான் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, அதை என் மகளிடம் கொடுக்கச் சொன்னீர்கள். பெரிய முதலாளி இடத்தைப் பார்க்க வரும்போது அது அவர் கைக்குப் போனால்தான் உங்கள் வேலை தப்பும், இல்லாவிட்டால் உங்கள் நாற்காலியில் உங்கள் உதவி என்ஜினீயர் ஏறி உட்கார்ந்துவிடுவார் என்றும் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டேன். எழுதவும் உட்கார்ந்தேன். நல்ல பேனா, நல்ல தாள், ஜன்னலோரம் நல்ல வெளிச்சம், குறை ஒன்றுமில்லை. 'மன்னிக்கவும்' என்பதில் முதல் எழுத்தைப் போட்டதும் கை நின்றுவிட்டது. எதற்கு என்று கை கேட்கிறது. எனக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே மாப்பிள்ளை, அந்தக் கடிதத்தை நான் எழுத மாட்டேன். நாளைக்கும் எழுத மாட்டேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். வேண்டுமானால் இதை முதலாளியிடம் கொடுங்கள், அவரும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் யார் மேல் தப்பு என்பது விளங்கும். என் தையல் கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு உங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தேன். ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி கை அப்படியேதான் இருக்கிறது. ஆயுள் முழுக்கத் துணி வெட்டின கை ஒரே நாளில் மடியில் படுத்துக்கொள்ளுமா? ஜன்னல் திரைகள் தரையைக் கூட்டிக்கொண்டு கிடந்தன, சுருக்கினேன். சுருக்கிய பிறகு கீழே ஒரு சாண் இடைவெளி விழுந்தது உண்மை. அந்த வழியாக வெளிச்சம் வருகிறதே, அதை யாரும் பேசுவதில்லை. உங்கள் கால்சட்டைகளை இடுப்பில் கொஞ்சம் பிடித்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸில் மூச்சுவிட முடியாமல் தவித்தீர்கள் என்றால் அதற்குக் காரணம் என் மகளின் சமையல், என் தையல் இல்லை. இருந்தும் அவள் ஊசிப் பெட்டியைத் தூக்கி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டு, "அப்பா, நீங்க சும்மா உட்காருங்கப்பா, போதும்" என்றாள். அன்று சாப்பாட்டு மேஜையில் நீங்கள் இருவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். தூரப் பார்வை எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. "மாமா, நான் தலைமை ஆபீஸ் போயிட்டு வர்ற வரைக்கும் சைட்டை ஒரு பார்வை பாத்துக்குங்களேன். ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நாற்காலியில உட்கார்ந்தா போதும், பெரியவர் ஒருத்தர் இருக்கார்னு ஆளுங்க ஒழுங்கா வேலை செய்வாங்க" என்று சொன்னது யார்? நீங்கள். பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன். பார்க்கிறவனுக்கு ஒரு கருத்து வராதா?

போய்ப் பார்த்தால் இடம் எப்படி இருக்கிறது? முள்ளும் புதரும் வெட்டி ஒரு பக்கம் மலையாகக் கிடக்கின்றன, மரத்தூர்களைப் பிடுங்கிய குழிகள் பல் விழுந்த ஈறு மாதிரி வாயைத் திறந்துகொண்டிருக்கின்றன, லாரி லாரியாக மண் வந்து கொட்டுகிறது, அதைப் புல்டோசர் பரப்புகிறது, தண்ணீர் லாரி நனைக்கிறது, ரோலர் அமுக்குகிறது, அமுக்கின இடத்திலேயே அடுத்த லாரி வந்து சக்கரத்தைப் பதிக்கிறது. உங்கள் ஆபீஸ் என்று சொன்ன அந்தத் தகரப் பெட்டிக்குள் ஒரு மின்விசிறி சுற்றுகிறது. சத்தம் வருகிறது, காற்று வரவில்லை. வாசலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் ஒரு பக்கம் கை இல்லை. மாமனாருக்கு ஒற்றைக் கை நாற்காலி. அதை மனசில் குறித்து வைத்துக்கொண்டேன். உங்கள் உதவி என்ஜினீயர் ஒரு ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தார், அது மூக்கு வரைக்கும் இறங்கியது. எதற்கெடுத்தாலும் "ஆமா சார்" சொல்கிற அந்தப் பிள்ளையை ஆட்கள் எல்லோரும் ஆமாசார் என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன், அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவரே அதற்கும் "ஆமா சார்" என்றுதான் சொன்னார், எனக்கு எப்படித் தெரியும்?

புல்டோசர் ஓட்டுகிறவனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு நிறைய நிற்கிற ஆள். பேர் வைத்தவன் என்ன நினைத்து வைத்தானோ, பொடியன் என்கிறார்கள். அவன் போட்டிருந்த அந்த ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டை நெஞ்சுக்குக் குறுக்கே சேரவே இல்லை, இரண்டு முனையும் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. என் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. "தம்பி, கழட்டிக் குடு, பக்கத்துல ரெண்டு துண்டு வச்சுத் தர்றேன்" என்றேன். "சம்பளத்துல பிடிப்பாங்கய்யா" என்றான். "நான் யாரு தெரியும்ல? என்ஜினீயரோட மாமனார்" என்றேன். மகள் கண்ணில் படாமல் நான் பையில் வைத்திருந்த ஊசியில் பொடியனே நூல் கோத்துக் கொடுத்தான். அவ்வளவு பெரிய விரலுக்கு அவ்வளவு நிதானம். ஆணியில் ஒரு சட்டை சும்மா தொங்கியது, அதிலிருந்து இரண்டு துண்டு எடுத்து வைத்துத் தைத்தேன். அது ஆமாசாருடைய சட்டை என்று அதில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அன்றையிலிருந்து பொடியன் எனக்காக எதையும் செய்வான், ஆமாசார் எனக்கு எதிராக எதையும் செய்வார். உங்களுக்குப் போனில் கோள் சொன்ன வாய் எது, ஏன் சொன்னது என்பது இப்போது விளங்குகிறதா?

அடுத்து, மண் பரிசோதனை விவகாரம். துளை போடுகிற இயந்திரத்தோடு ஒரு படித்த அம்மா வந்து, பூமிக்குள்ளிருந்து மண்ணை எடுத்து, சின்னச் சின்னப் பைகளில் கட்டி, பெஞ்சின் மேல் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வரிசையைப் பார்த்தேன். வெளிர் மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு, கறுப்புக்குப் பக்கத்தில் செம்மண், அதற்குப் பக்கத்தில் மறுபடியும் மஞ்சள். கடையில் துணிக்கட்டை இப்படி அடுக்கினால் வாடிக்கையாளர் வாசலோடு திரும்பிவிடுவார். இளம் நிறத்தில் ஆரம்பித்து அடர் நிறத்தில் முடிகிற மாதிரி நிதானமாக அடுக்கிவைத்தேன். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அந்த அம்மா கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தார். "ஐயா, இதுல எது மேல இருந்த மண்ணு, எது கீழ இருந்த மண்ணு?" என்றார். "அதைப் பத்தி என்னம்மா, இப்பப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு" என்றேன். அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். பைகளின் மேல் ஒன்றும் எழுதவில்லையாம், வரிசைதான் கணக்காம். வரிசையை மட்டும் நம்புகிறவர் வரிசையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவாரா? மறுபடியும் துளை போட்டார்கள். மறுபடியும் மண் எடுத்தார்கள். முதல் தடவை போட்டது ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதற்கும் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இனி குச்சி விஷயம். இதற்குத்தானே நீங்கள் அந்தச் சத்தம் போட்டீர்கள். சர்வேயர் வந்தார், மூன்று கால் வைத்த கருவியில் கண்ணை வைத்தார், தொழிற்சாலை எங்கே வரும் என்பதற்கு நாலு பக்கமும் முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டினார். நான் கூடவே நடந்து பார்த்தேன். "கட்டடம் எந்த அளவோ அதே அளவுக்குத்தானே குச்சி அடிச்சிருக்கீங்க?" என்றேன். "ஆமா பெரியவரே" என்றார். "அப்ப தையலுக்கு எங்க விட்டீங்க?" என்றேன். அவர் சிரித்தார் மாப்பிள்ளை. சிரித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற ஆளையும் சிரிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். "கட்டடத்துக்குத் தையல் கிடையாது பெரியவரே, நீங்க சும்மா போய் நிழல்ல உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். உட்கார்ந்து யோசித்தேன். ஒரு சட்டை தைக்கிறவன்கூட விளிம்பில் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுகிறான். அளவுக்கு வெட்டினால் தைத்து முடிக்கும்போது துணி பத்தாது, பிறகு போட்டுக்கொள்கிற ஆளைத்தான் சுருக்க வேண்டும். சட்டைக்கே அந்தக் கதி என்றால் இவ்வளவு பெரிய தொழிற்சாலைக்கு? மழை பெய்தால் விளிம்பு கரையும், வெயில் அடித்தால் மண் சுருங்கும். சட்டைக்கு விரற்கடை என்றால் இதற்கு ஒரு முழமாவது வேண்டாமா? சர்வேயர் வேறு ஊர் வேலைக்குக் கிளம்பிப் போனதும் பொடியனைக் கூப்பிட்டேன். "இந்தக் குச்சியை எல்லாம் ஒரு முழம் வெளியே தள்ளி அடிக்கணும்" என்றேன். "எனக்கென்னய்யா, குச்சி எங்க இருக்கோ அதுவரைக்கும் மண்ணைத் தள்ளுவேன்" என்றான். நான் முழங்கையைத் தரையில் ஊன்றி, விரலை நீட்டி, நுனி தொட்ட இடத்தில் அடையாளம் வைக்க, அவன் பிடுங்கிப் பிடுங்கி அடித்தான். மூலையில் சர்வேயர் ஓர் இரும்புக் கம்பியை சிமெண்ட் போட்டு நட்டிருந்தார். எல்லாக் குச்சிக்கும் அதுதான் தாயாம். பிள்ளைகளெல்லாம் நகர்ந்த பிறகு தாய் மட்டும் தனியாக நிற்பதாவது. "ஐயா, இதுல 'தொடாதே'ன்னு எழுதியிருக்கு" என்றான் பொடியன். "நாம எங்கடா தொடறோம், கடப்பாரைதானே தொடுது" என்றேன். அதையும் நகர்த்தினோம். அதன் பிறகு அவன் புல்டோசரை ஓட்டிப் பரப்பி, ரோலர் ஏறி அமுக்கி, இஸ்திரி போட்ட துணி மாதிரி இடம் பளபளவென்று ஆகிவிட்டது. அதை ஒரு வாய் வார்த்தை யாராவது பாராட்டினார்களா என்று கேட்டால் இல்லை.

சர்வேயர் திரும்பி வந்தார். கருவியை வைத்தார், பார்த்தார், தலையைச் சொறிந்தார். மூலைக்கு மூலை அளந்தால் கூடுதலாக வருகிறதாம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கருவியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கருவி கெட்டுவிட்டது என்று பழுதுபார்க்க அனுப்பிவிட்டு வேறு கருவி கொண்டுவந்தார், அதுவும் அதையே சொன்னது. மனுஷன் சாப்பிடவில்லை, டீ கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "இந்த வயசுல கண்ணு இப்படித்தான் விளையாடும், நான் பார்க்கிற டாக்டர்கிட்டப் போங்க, நல்ல கைராசிக்காரர்" என்று சொல்லி விலாசமும் எழுதிக் கொடுத்தேன். இப்படி ஒரு நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவனைப் போய் நாசவேலை செய்தவன் என்று ஆமாசார் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நாசவேலை செய்தவன் கண் டாக்டர் விலாசம் கொடுப்பானா? டீ குடித்துக்கொண்டே, "ஒரு முழம் கூடுதலாத்தானே இருக்கு, அது நான் தையலுக்கு விட்டது" என்று நானேதான் சொன்னேன். யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. சர்வேயர் டீயைக் கீழே வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார்.

தூண்களும் உத்திரங்களும் வேறெங்கோ இரும்பில் அளவெடுத்துச் செய்து லாரியில் ஏறிவிட்டனவாம், இந்தக் குச்சிகளை வைத்துத்தான் தூணுக்குக் குழி தோண்ட வேண்டுமாம், ஒரு முழம் தள்ளினால் உத்திரம் தூணை எட்டாதாம். "எட்டலேன்னா ஒட்டுப் போட்டுக்கலாமே" என்றேன். ஆமாசார் முதல் தடவையாக "ஆமா சார்" சொல்லாமல் போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டார். நீங்களும் நான் என்ன நினைத்துச் செய்தேன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், "மாமா, உங்களைச் சும்மா உட்காரத்தானே சொன்னேன்" என்று கத்தினீர்கள்.

மாப்பிள்ளை, கோபப்படாமல் கேளுங்கள். கடையை விட்டு வந்த நாளிலிருந்து எல்லோரும் எனக்கு இந்தச் 'சும்மா'வைத்தான் கொடுக்கிறீர்கள். மகள் கொடுக்கிறாள், நீங்கள் கொடுக்கிறீர்கள், எங்கிருந்தோ வந்த சர்வேயர் கொடுக்கிறார். சோறு போடுகிறீர்கள், மருந்து வாங்கித் தருகிறீர்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் எழுந்தால் இன்றைக்கு நான் இல்லாமல் நடக்காத காரியம் என்று ஒன்றுகூட இல்லை என்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கு அழுகையே வருகிறது, அதனால்தான் சத்தம் போடுகிறேன். அந்த மண் மேட்டில் இருந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூங்கினேன். அதற்காக நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

இப்போது நேற்று மாலை நடந்ததைக் கேளுங்கள், ஆமாசார் இதைச் சொல்லியிருக்க மாட்டார். வாசலில் சர்வேயரும் ஆமாசாரும் வந்து நிற்கிறார்கள், ஒருவர் கையில் அளவு நாடா. தாய்க்கம்பியும் நகர்ந்துவிட்டதால் எங்கிருந்து அளப்பது என்று தெரியவில்லையாம். பழைய குழிகளெல்லாம் ரோலருக்கு அடியில் போய்விட்டன. நில அளவை ஆபீஸில் சொல்லி எல்லைக்கல்லிலிருந்து அளந்து வருவதற்குள் இரும்பும் வந்துவிடும், முதலாளியும் வந்துவிடுவார். ஒரே வழி, எல்லாக் குச்சியையும் அதே ஒரு முழம் உள்ளே தள்ளுவது. "யார் முழம்?" என்றேன். சர்வேயர் நாடாவைப் பிரித்தார். "உங்க முழம்தான் பெரியவரே, கையைக் கொஞ்சம் நீட்டுங்க" என்றார்.

எத்தனை பேருக்கு அளவெடுத்திருப்பேன், எனக்கு ஒருத்தன் அளவெடுத்தது இதுதான் முதல் தடவை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். "நாடாவை அப்படி இழுத்துப் பிடிக்கக் கூடாது, தொட்டும் தொடாம வைக்கணும்" என்று சொல்லிக்கொடுத்தேன். திரும்பத் திரும்ப அளந்து குறித்துக்கொண்டார். "எல்லாக் குச்சியும் இதே அளவுதானே? ஒரு நூல்கூடப் பிசகாதுல்ல?" என்றார். "என் கையில பிசகு வந்ததா சரித்திரமே இல்ல" என்றேன். நான் நேரில் வந்து பக்கத்தில் நின்றால் தைரியமாக இருக்கும் என்றார்கள். என் மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்; அவள் வாயிலிருந்து அந்தச் சும்மா என்ற சொல் வரவில்லை. வருவதற்கு நான் நிபந்தனை போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் கை வைத்த நாற்காலி வேண்டும். ஆமாசார் வண்டி கொண்டுவந்து அழைத்துப் போக வேண்டும். மன்னிப்பு என்ற பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் "ஆமா சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே நாளைக் காலையில் மாமனார் தலை நிமிர்ந்து சைட்டுக்குப் போகிறார், உங்கள் வேலையைக் காப்பாற்றப்போகிறது இந்தக் கைதான், முடிந்தால் போனில் கூப்பிட்டு இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள், இந்தத் தடவை மெதுவாகப் பேசினாலும் எனக்குக் கேட்கும்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல், மேலதிகாரி தொல்லை இல்லாமல், இடுப்பளவு கூடாமல், என் மகளோடு நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். வாழ்த்துவதில் நான் கோபத்தைக் கலப்பதில்லை.

இப்படிக்கு,
யாரிடமும் மன்னிப்புக் கேட்காத
உங்கள் மாமனார்.

பி.கு.: இன்று இரவு பஸ்ஸில் கொடுத்தனுப்ப உறையை ஒட்டப் போகும்போது ஒன்று ஞாபகம் வந்தது. சாலையைப் பார்த்த பக்கத்துக் குச்சிகளுக்கு வந்தபோது நல்ல வெயில், குனிந்து குனிந்து எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது. "நீங்க சும்மா உட்காருங்கய்யா, நான் பாத்துக்கறேன்" என்று பொடியன் சொன்னான், நானும் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் முழுவதும் அவன் தன் கையால் அளந்து அடித்தான். அவன் கை என் கையைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பாதுகாப்புச் சட்டைக்காக அவன் நெஞ்சு, தோள், வயிறு எல்லாம் அளந்து வைத்திருக்கிறேன். அது கையில்லாத சட்டை என்பதால் கை மட்டும் அளக்கவில்லை. வேலை முடிந்தது என்று புல்டோசரோடு வேறு எங்கோ போய்விட்டான், போன் எடுக்க மாட்டேன் என்கிறான். சர்வேயரிடம் இன்னும் சொல்லவில்லை. கிடைக்கிற வண்டியைப் பிடித்து உடனே வந்துவிடுங்கள். வரும்போது அந்த மன்னிப்புக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்து மட்டும் நான் போடுகிறேன். ஆனால் ஒன்று மாப்பிள்ளை, அதில் ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும்: நீங்கள் சொன்னபடி நான் சும்மா உட்கார்ந்தது அந்த ஒரு மதியம்தான், அளவு பிசகியதும் அந்த ஒரு மதியம்தான்.